பாஷை தெரியாத ஊரில் அவசரம் வந்தால்: இத்தாலி போகும் ஒரு குடும்பத்துக்கு

கேள்வி: வரும் செப்டம்பரில் குடும்பத்தோடு இத்தாலி போகிறோம். ரோம், ஃப்ளோரன்ஸ், வெனிஸ் என்று மூன்று ஊர். நான், கணவர், 9 வயது மகன், 71 வயது மாமியார். அத்தைக்குச் சர்க்கரை இருக்கிறது, இன்சுலின் போடுகிறார். மகனுக்கு வேர்க்கடலை ஆகாது. ஒருமுறை உதடும் கண்ணும் வீங்கி, ராத்திரியில் ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறோம். எனக்கும் கணவருக்கும் ஆங்கிலம் தெரியும். அத்தைக்குத் தமிழ் மட்டும்தான். போனில் மொழிபெயர்ப்பு ஆப் இருக்கிறது, அது போதும் என்கிறார் கணவர். எனக்கு மனம் ஒப்பவில்லை. அவசரத்தில் கைகொடுக்கும் இத்தாலிய வாக்கியங்கள் எவை? எத்தனை தெரிந்திருந்தால் போதும்?
ஒரு வாசகி, கோவை

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

‘அத்தைக்குத் தமிழ் மட்டும்தான்’ என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். நான் அங்கிருந்துதான் தொடங்கப் போகிறேன். இத்தாலியில் ஆஸ்பத்திரியிலும் போலீஸ் நிலையத்திலும் நம்மவர்களுக்காக உரைபெயர்ப்புச் செய்வது என் வேலை. வருகிற குடும்பங்களில் பெரும்பாலும் ஒரே ஏற்பாடுதான் இருக்கும். பாஷை தெரிந்த ஒருவர் எல்லோருக்கும் சேர்த்துப் பேசுவார், மற்றவர்கள் அவர் பின்னால் நடப்பார்கள். நல்ல நேரத்தில் இது போதும். ஆனால் கூட்டத்தில் பிரிந்துபோவது, ரயிலில் இறங்காமல் விட்டுப்போவது, கழிப்பறைக்குப் போன இடத்தில் தலைசுற்றி உட்கார்ந்துவிடுவது எல்லாம் பெரும்பாலும் பாஷை தெரியாதவருக்குத்தான் நடக்கும். அப்போது பேசத் தெரிந்தவர் பக்கத்தில் இருக்க மாட்டார். அதனால் நீங்கள் படிப்பதற்கு முன் அத்தைக்கும் மகனுக்கும் கற்றுக்கொடுங்கள். அவர்களுக்கு மூன்று மூன்று வாக்கியம் போதும்.

ஆப் வேண்டாம் என்று சொல்லவில்லை. இத்தாலிய மொழியை இணையம் இல்லாமலும் இயங்கும்படி இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். மருந்துக் கடையில் நின்று நிதானமாகப் பேச அது நல்ல துணை. ஆனால் திருட்டுப்போவது அந்த போனாகவே இருக்கலாம். மகனை மடியில் தாங்கிக்கொண்டிருக்கும்போது தட்டச்சு செய்யக் கை இருக்காது. அந்த முதல் ஒரு நிமிடத்துக்கு வேண்டியது வாயிலேயே இருக்க வேண்டும்.

உச்சரிப்பை நினைத்துப் பயப்பட வேண்டாம். இத்தாலியச் சொற்கள் பெரும்பாலும் உயிரெழுத்தில் முடியும். அவர்களுடைய ‘த’ நம்முடைய ‘த’ போலவே பல்லில் நாக்கு தொட்டு வருவது. ஆங்கிலம் படித்தவர்கள்தான் அதை ‘ட’ ஆக்கிக் கெடுக்கிறார்கள், அத்தை சரியாகச் சொல்லிவிடுவார். ஒரே ஒரு சிக்கல்: ‘தலை’யில் வரும் த வேறு, ‘தேசம்’ என்பதில் வரும் த வேறு. ‘தேசம்’ போல ஒலிக்க வேண்டிய இடத்தில் சொல்லிவிடுகிறேன். மற்றபடி கீழே உள்ளதைத் தமிழ் வாசிப்பதுபோலவே வாசியுங்கள். சொல்லின் கடைசி எழுத்தை விட்டுவிட்டு, நெடில் வரும் இடத்தில் நன்றாக நீட்டுங்கள், அழுத்தம் பெரும்பாலும் அங்கேதான் விழுகிறது.

முதலில் அத்தைக்கு.

‘அயூத்தோ!’ என்றால் காப்பாற்றுங்கள், உதவி. இதை மெதுவாகச் சொல்லக் கூடாது, உரக்கக் கத்த வேண்டும். நம் பெரியவர்களுக்கு வெளியிடத்தில் குரல் எழுப்பக் கூச்சம். வீட்டிலேயே இரண்டு மூன்று தரம் சத்தமாகச் சொல்ல வையுங்கள்.

‘மி ஸோனோ பேர்ஸா’ என்றால் வழி தவறிவிட்டேன். பெண் சொல்லும் வடிவம் இது. மகனும் கணவரும் ‘பேர்ஸோ’ என்று முடிக்க வேண்டும். மாற்றிச் சொன்னாலும் புரியும்.

‘ஸோனோ தியாபேத்திக்கா’ என்றால் எனக்குச் சர்க்கரை வியாதி (முதலெழுத்து ‘தேசம்’ போல). ஒரு வயதான அம்மாள் வியர்த்துத் தடுமாறி நிற்கும்போது, பக்கத்தில் இருப்பவர் என்ன செய்ய வேண்டும் என்பதை இந்த ஒரு வாக்கியம் முடிவு செய்துவிடும்.

இந்த மூன்றுக்கும் மேல் அத்தையை வற்புறுத்த வேண்டாம். மீதியை ஒரு அட்டை சொல்லட்டும். இத்தாலிய எழுத்தில் அச்சடித்து, கைப்பையில் ஒன்றும் இடுப்பில் செருகும் சுருக்குப்பையில் ஒன்றுமாக வையுங்கள். கைப்பை களவு போகக்கூடியது. அட்டையில் பெயர், பிறந்த ஆண்டு, சர்க்கரை நோய், இன்சுலின், சாப்பிடும் மாத்திரைகள், ஹோட்டலின் பெயரும் முகவரியும், ‘இந்த எண்ணுக்குப் பேசுங்கள்’ என்ற வரி. மாத்திரைகளின் கம்பெனிப் பெயரை எழுதாதீர்கள். நம் ஊர்ப் பெயர் அங்கே யாருக்கும் தெரியாது, உள்ளே இருக்கும் மருந்தின் பெயர்தான் வேண்டும். எந்த எண்ணைப் போடுவது என்பதிலும் கவனம் தேவை. உங்கள் கோவை எண்ணை மட்டும் போட்டால், தெருவில் போகிற ஒருவர் தன் போனிலிருந்து இந்தியாவுக்கு அழைக்கத் தயங்குவார். முதலில் ஹோட்டலின் எண், அடுத்து உங்கள் எண். ஊர் மாறும்போது ஹோட்டலும் மாறும், ஆகவே மூன்று ஊருக்கு மூன்று அட்டை. ஹோட்டல் வரவேற்பில் கேட்டால் திருத்தமாக எழுதிக் கொடுப்பார்கள்.

ரோமில் அத்தைக்கு இன்னொரு வழியும் உண்டு. வத்திக்கான் பக்கம் இந்தியக் கன்னியாஸ்திரிகள் நிறையப் பேர் நடமாடுவார்கள். கேரளத்துக்காரர்கள் அதிகம், தமிழ்ப் பெண்களும் இருக்கிறார்கள். நம் முகமாகத் தெரிந்தால் தமிழிலேயே கேட்கச் சொல்லுங்கள். (நீங்கள் சிசிலித் தீவுக்குப் போவதாக இருந்தால் கவலையே இல்லை. பலேர்மோ நகரில் இலங்கைத் தமிழர்கள் பல ஆண்டுகளாகக் குடும்பம் குடும்பமாக வாழ்கிறார்கள், சந்தையிலேயே தமிழ் காதில் விழும்.)

மகனுக்கு: ‘அயூத்தோ’, அப்புறம் ‘நொன் த்ரோவோ மியா மம்மா’, அதாவது அம்மாவைக் காணோம். மூன்றாவது அவனுடைய உயிர் வாக்கியம்: ‘ஸோனோ அல்லேர்ஜிக்கோ ஆல்லே அராக்கிதி’. எனக்கு வேர்க்கடலை ஆகாது.

இதில் ‘அராக்கிதி’ என்ற சொல்லில் பிடிவாதமாக இருங்கள். வேர்க்கடலைக்கு இத்தாலியர் பேச்சில் ‘நொச்சொலீனே’ என்றும் சொல்வார்கள். உங்கள் ஆப் அதைக் கொடுத்தாலும் கொடுக்கும். ஆனால் ‘நொச்சோலா’ என்றால் ஹேசல்நட் என்ற வேறொரு கொட்டை, ஐஸ்கிரீம் கடைகளில் எங்கும் இருக்கும் சுவை. இரைச்சலான கடையில் ஒரு குழந்தை ‘நொச்சொலீனே’ என்று சொன்னால் ‘நொச்சோலா’ கேட்கிறான் என்று எடுத்துக்கொண்டு அதையே அள்ளிக் கொடுத்துவிடலாம். ‘அராக்கிதி’யில் அந்தக் குழப்பம் இல்லை, உணவுப் பொட்டலங்களிலும் அதுதான் அச்சாகியிருக்கும். ஐரோப்பிய விதிப்படி ஒவ்வாமை தரும் பொருள்களைப் பொட்டலத்தில் தடித்த எழுத்து மாதிரித் தனித்துக் காட்ட வேண்டும், ஆகவே தேடுவது எளிது. ‘புவோ கொன்தெனேரே’ என்று தொடங்கும் வரிக்கு ‘இவை கலந்திருக்கக்கூடும்’ என்று பொருள்.

பலருக்குத் தெரியாத இடம் எண்ணெய்ச் சட்டி. இத்தாலியில் எல்லாமே ஆலிவ் எண்ணெய் என்று நாம் நினைக்கிறோம். பொரிப்பதற்கு அவர்கள் பரவலாகப் பயன்படுத்துவது கடலை எண்ணெய். ரோமில் ‘சுப்ளி’ என்று ஒரு சோற்று உருண்டை பொரித்து விற்பார்கள், வெனிஸில் காகிதக் கூம்பில் பொரித்த மீன். இந்த மாதிரி எதையும் வாங்குவதற்கு முன் ‘ஓலியோ தி அராக்கிதி?’ என்று கேளுங்கள். கடலை எண்ணெயா என்று பொருள் (‘தி’ தேசம் போல). சுத்திகரித்த கடலை எண்ணெய் அவனுக்கு ஒத்துக்கொள்ளுமா என்று உங்கள் டாக்டரைக் கேட்டுவிடுங்கள். கேட்கும் வரை பொரித்தது வேண்டாம். அட்ரினலின் ஊசி தேவையா என்பதையும் அதே சந்திப்பில் பேசி, எழுதித் தந்தால் விமானத்திலேயே கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

மகனுக்கு நாக்கோ தொண்டையோ வீங்கினால், மூச்சு இழுத்தால், யோசிக்க நேரம் இல்லை. ஊசி இருந்தால் போடுங்கள். உடனே ‘கியாமாத்தே உன் அம்புலான்ட்ஸா!’ என்று சுற்றியிருப்பவர்களைப் பார்த்துக் கத்துங்கள். ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள் என்று அர்த்தம். ஒரே ஒருவரைப் பார்த்துச் சொல்வதானால் ‘கியாமி’. பொதுவாகக் கூட்டத்தில் கத்துவதைவிட ஒருவரைக் கையால் சுட்டிச் சொல்வது நல்லது, அப்போதுதான் அவர் போனை எடுப்பார். ‘நொன் ரெஸ்பீரா பேனே’ என்றால் சரியாக மூச்சு விடவில்லை. ‘ஷோக் அனஃபிலாத்திக்கோ’ (உயிருக்கு ஆபத்தான கடும் ஒவ்வாமை) என்ற இரண்டு சொல்லையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். எதிர்முனையில் இருப்பவருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

அத்தையின் சர்க்கரைக்கு வருகிறேன். இத்தாலியில் நடை அதிகம், சாப்பாட்டு நேரமும் தள்ளிப்போகும். ராத்திரி உணவகங்கள் பல ஊர்களில் ஏழு, ஏழரைக்குத்தான் திறக்கும். இன்சுலின் போடுகிறவருக்கு இந்த ஊர்சுற்றலில் நான் பயப்படுவது சர்க்கரை இறங்குவதைத்தான். இதற்கு அங்கே எல்லோருக்கும் புரியும் ஒரு பேச்சு உண்டு: ‘ஏ உன் காலோ தி ட்ஸூக்கெரி’. சர்க்கரை இறங்கிவிட்டது என்று பொருள். இதைச் சொன்னால் பஸ் டிரைவருக்கும் புரியும், பழக்கடைக்காரருக்கும் புரியும். ‘ட்ஸூக்கெரோ, ஸூபித்தோ!’ என்றால் சர்க்கரை, சீக்கிரம்!

அது எங்கே கிடைக்கும் என்பதும் தெரிந்திருக்கட்டும். இத்தாலியில் ‘பார்’ என்று பலகை போட்டிருந்தால் சாராயக் கடை என்று ஒதுங்கிவிடாதீர்கள். அது காப்பிக் கடை, ஏறக்குறைய எல்லாத் தெருவிலும் ஒன்று இருக்கும். உள்ளே நுழைந்ததும் மார்பு உயரத்துக்கு ஒரு மேடை. எல்லோரும் நின்றுகொண்டே சின்னக் கோப்பையில் காப்பி குடிப்பார்கள். அந்த மேடை மேலேயே சர்க்கரைப் பொட்டலங்கள் ஒரு கிண்ணத்தில் அடுக்கியிருக்கும். வரிசையில் நிற்க வேண்டாம், காசைப் பற்றி யோசிக்க வேண்டாம். நேராகப் போய் எடுத்து அத்தை வாயில் போடுங்கள், போட்டுக்கொண்டே ‘காலோ தி ட்ஸூக்கெரி’ என்று சொல்லுங்கள். கடைக்காரர் தானாகவே ஒரு பழச்சாறும் நாற்காலியும் கொண்டுவந்துவிடுவார். ஒன்றே ஒன்று: நினைவு தப்பிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, திணிக்கக் கூடாது. அப்போது ‘ஏ ஸ்வெனூத்தா’, மயங்கிவிட்டார் என்று சொல்லி ஆம்புலன்ஸ்தான். ரத்தச் சர்க்கரையை அங்கேயும் நம்மைப் போல மில்லிகிராம் கணக்கில்தான் சொல்கிறார்கள், ஆகவே உங்கள் கருவி காட்டும் எண்ணை அப்படியே டாக்டரிடம் காட்டலாம்.

இனி 112. ஐரோப்பா முழுவதும் அவசரத்துக்கு இந்த எண்தான், அழைப்புக்குக் காசு கிடையாது. ஆம்புலன்ஸுக்கு 118, தீயணைப்புக்கு 115, போலீசுக்கு 113 என்ற பழைய எண்களையும் பலகைகளில் பார்ப்பீர்கள். நான்கையும் மனப்பாடம் செய்ய வேண்டாம், 112 ஒன்று போதும். அந்த அழைப்பு எப்படி நடக்கும் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் பாதி வழியில் பயந்து துண்டித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒற்றை எண் முறை வந்த பகுதிகளில் முதலில் எடுப்பவர் எங்கே, என்ன என்று மட்டும் கேட்பார். பிறகு ஆம்புலன்ஸுக்கோ போலீசுக்கோ தீயணைப்புக்கோ அழைப்பை மாற்றுவார். நடுவில் சற்று நேரம் ஒன்றும் கேட்காது. அப்புறம் வேறொருவர் வந்து அதே கேள்விகளைத் திரும்பக் கேட்பார். ‘லைன் போய்விட்டது’ என்று வைத்துவிடாதீர்கள். ‘ரெஸ்தி இன் லீனேயா’ என்று அவர் சொன்னால் லைனிலேயே இருங்கள் என்று அர்த்தம். ஆங்கிலம் வேண்டுமென்றால் ‘இங்க்லேஸே, பெர் ஃபவோரே’ என்று முதலிலேயே சொல்லுங்கள். பாஷை தெரிந்தவரை இணைப்பில் சேர்க்கும் வசதி இந்த மையங்களில் உண்டு.

சொல்லும் வரிசை முக்கியம். இடம் முதலில், விஷயம் அடுத்து. நாம் இயல்பாகக் கதையைத் தொடக்கத்திலிருந்து சொல்வோம்: காலையில் கிளம்பினோம், அத்தை சரியாகச் சாப்பிடவில்லை, அப்புறம் வெயில்... அதற்குள் அழைப்பு அறுந்தால் ஆம்புலன்ஸ் எங்கே வரும்? அதனால் ‘ஸோனோ ஆ ரோமா’ (ரோமில் இருக்கிறேன்), அடுத்து ‘வீயா’ என்று தொடங்கித் தெருப் பெயர், ‘நூமெரோ’ என்று வீட்டு எண். தெரு பெயர் தெரியாவிட்டால் ‘விச்சீனோ ஆ’ (பக்கத்தில்) என்று சொல்லி, கண்ணில் படும் பெரிய கட்டடம், கடை, நிறுத்தம் எதையாவது சொல்லுங்கள். ‘வேர் ஆர் யூ’ என்று 112க்கான ஆப் ஒன்று உண்டு. ஒற்றை எண் முறை வந்த பகுதிகளில் அதன் வழியாக அழைத்தால் நீங்கள் நிற்கும் இடமும் சேர்ந்தே போய்விடும். கிளம்புவதற்கு முன்பே இரண்டு போனிலும் போட்டுவிடுங்கள்.

முகவரி விஷயத்தில் நீங்கள் போகும் இரண்டு ஊர்கள் படுத்தும். ஃப்ளோரன்ஸில் ஒரே தெருவில் இரண்டு வரிசை எண்கள் ஓடுகின்றன. வீடுகளுக்குக் கறுப்பிலோ நீலத்திலோ, கடைகளுக்குச் சிவப்பில். ஒரே எண் இரண்டு நிறத்திலும் இருக்கும், இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் என்றும் சொல்ல முடியாது. சிவப்பு எண்ணாக இருந்தால் எண்ணோடு ‘ரோஸ்ஸோ’ என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். வெனிஸில் தெரு வாரியாக எண் இல்லை, வட்டாரம் வட்டாரமாக ஆயிரக்கணக்கில் போகும். அதை வைத்து வழி கண்டுபிடிப்பது உள்ளூர்க்காரருக்கே சிரமம். அங்கே பக்கத்திலுள்ள சதுக்கத்தின் பெயரையோ படகு நிறுத்தத்தின் பெயரையோ சொல்லுங்கள். ஆம்புலன்ஸும் படகுதான், வாய்க்கால் வழியாக வந்து கரையில் இறங்கி நடந்து வருவார்கள். முடிந்தால் உங்களில் ஒருவர் கரைக்குப் போய்க் கையசைத்து நிற்கட்டும்.

நீங்களாகவே ஆஸ்பத்திரிக்குப் போவதானால் தேட வேண்டிய பலகை ‘ப்ரொன்த்தோ சொக்கோர்ஸோ’, அவசர சிகிச்சைப் பிரிவு. வழி கேட்க ‘தொவே இல் ப்ரொன்த்தோ சொக்கோர்ஸோ?’ (தொவே தேசம் போல). உள்ளே போனதும் ஒரு நர்ஸ் விசாரித்து, நிலைமையைப் பொறுத்து ஒரு நிறம் கொடுப்பார். சிவப்பு என்றால் உடனடி, வெள்ளை என்றால் மிகவும் காத்திருக்க வேண்டும். யார் முதலில் வந்தார் என்ற கணக்கு அங்கே இல்லை. உங்களுக்குப் பின்னால் வந்தவர் முன்னால் போனால் சண்டை போடாதீர்கள். ஆனால் காத்திருக்கும்போது நிலைமை மோசமானால் எழுந்து போய் ‘ஸ்தா பெஜ்ஜோ’, இப்போது இன்னும் மோசமாக இருக்கிறது என்று சொல்லுங்கள். அதைக் கேட்டால் மறுபடி பார்ப்பார்கள்.

அந்த மேசையில் நீங்கள் பேசுவதைவிட அவர்கள் கேட்பது புரிவதுதான் கடினம். நல்லவேளையாகக் கேள்விகள் எப்போதும் ஏறக்குறைய ஒன்றேதான். ‘கே கோஸா ஏ சுச்சேஸ்ஸோ?’ என்ன நடந்தது? ‘தோவே லெ ஃபா மாலே?’ எங்கே வலிக்கிறது? இதற்குக் கையை வைத்துக் காட்டி ‘க்வீ’ (இங்கே) என்றால் போதும். ‘தா க்வான்த்தோ தேம்ப்போ?’ எவ்வளவு நேரமாக? ‘க்வான்த்தி ஆன்னி ஆ?’ வயது என்ன? ‘கே ஃபார்மச்சி ப்ரெந்தே?’ என்ன மருந்து சாப்பிடுகிறார்? அட்டையைக் காட்டுங்கள். ‘அல்லெர்ஜீயே?’ ஒவ்வாமை உண்டா? ‘தேஸ்ஸெரா ஸனித்தாரியா?’ என்பது அந்நாட்டுக்காரரின் சுகாதார அட்டை, நம்மிடம் இருக்காது. ‘ஸோனோ தூரிஸ்தா’ என்று சொல்லி பாஸ்போர்ட்டையும் இன்சூரன்ஸ் தாளையும் நீட்டுங்கள். ஷெங்கன் விசாவுக்காக நீங்கள் எடுக்கும் அந்த 30,000 யூரோ இன்சூரன்ஸ் தாளைப் பெட்டியின் அடியில் போட்டுவிடாமல் பாஸ்போர்ட்டோடு வையுங்கள். புரியாதபோது ‘நொன் கப்பீஸ்கோ’ என்பதோடு நிறுத்தாமல் ‘லோ ஸ்க்ரீவா, பெர் ஃபவோரே’ என்று கேளுங்கள், எழுதிக் காட்டுங்கள் என்று. எழுதியதை ஆப் படித்துவிடும்.

ஆஸ்பத்திரியில் நான் அடிக்கடி தடுத்து நிறுத்தும் ஒரு விஷயம் நம் தலையாட்டல். ஒரு முறை ஒரு பெரியவரிடம் நர்ஸ் ‘பென்சிலின் ஒத்துக்கொள்ளுமா?’ என்று சைகையும் மருந்துப் பெயருமாகக் கேட்டார். ‘ம், ம், பரவாயில்லை’ என்கிற அர்த்தத்தில் பெரியவர் தலையைப் பக்கவாட்டில் மெல்ல ஆட்டினார். நர்ஸ் அதை ‘இல்லை’ என்று எழுதப் போனார். நம் தலையாட்டல் அவர்கள் கண்ணுக்கு மறுப்பாகவோ தயக்கமாகவோ தெரியும். தெற்கு இத்தாலியில் முகவாயை லேசாக மேலே தூக்கி ‘ச்’ என்றால் இல்லை என்று பொருள், அதை நம்மவர் ‘என்ன?’ என்று எடுத்துக்கொள்வார்கள். அத்தையிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள்: தலையை ஆட்டவே வேண்டாம், வாயால் ‘ஸீ’ (ஆமாம்) அல்லது ‘நோ’ சொன்னால் போதும்.

லேசான காய்ச்சல், வயிற்றுப்போக்கு, தலைவலிக்கு ஆஸ்பத்திரி வேண்டாம். பச்சைச் சிலுவை எரியும் ‘ஃபர்மச்சீயா’வுக்குப் போங்கள். ராத்திரியிலும் ஞாயிறும் முறை வைத்துத் திறந்திருப்பவை ‘ஃபர்மச்சீயா தி தூர்னோ’. மூடிய கடையின் கதவிலேயே எது திறந்திருக்கிறது என்று ஒட்டியிருக்கும். ‘ஃபேப்ரே’ காய்ச்சல், ‘மால் தி பான்ச்சா’ வயிற்றுவலி, ‘வோமித்தோ’ வாந்தி. அங்கே பாராசிட்டமாலுக்கு ‘தாக்கிப்பிரீனா’ என்ற பெயர்தான் எல்லார் வாயிலும்.

திருட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் உயிர்ப் பயம் குறைவு. ரோமில் தெர்மினி ரயில் நிலையம், அங்கிருந்து வத்திக்கான் பக்கம் போகும் 64ஆம் எண் பஸ், நெரிசலான மெட்ரோ இவையெல்லாம் பெயர் பெற்ற இடங்கள். யாராவது பையில் கை விட்டால் ‘அல் லாத்ரோ!’ (திருடன்!) என்று கத்துங்கள், சுற்றியிருப்பவர்கள் திரும்புவார்கள். துரத்தாதீர்கள். ஒட்டிக்கொண்டு விடாமல் தொந்தரவு செய்கிறவரிடம் ‘மி லாஷி ஸ்தாரே!’, என்னை விடுங்கள் என்று உரக்கச் சொல்லுங்கள்.

பாஸ்போர்ட் போய்விட்டால் போலீசிடமோ ‘கராபினியேரி’ என்ற இன்னொரு காவல் படையிடமோ போய் ‘மி ஆன்னோ ருபாத்தோ இல் பஸ்ஸப்போர்த்தோ. வொர்ரேய் ஃபாரே ஊனா தெனூன்ச்சா’ என்று சொல்லுங்கள் (தெனூன்ச்சா தேசம் போல). என் பாஸ்போர்ட்டைத் திருடிவிட்டார்கள், புகார் கொடுக்க வேண்டும் என்று பொருள். தொலைந்ததுதான் என்றால் ‘ஓ பேர்ஸோ இல் பஸ்ஸப்போர்த்தோ’. பெரிய ரயில் நிலையங்களுக்குள்ளேயே ரயில்வே போலீஸ் உண்டு, ‘போல்ஃபேர்’ என்று கேளுங்கள். முத்திரை வைத்த புகார் நகலை வாங்காமல் வெளியே வராதீர்கள். அவசரப் பயணச் சான்றுக்கு நம் தூதரகத்திலும் கேட்பார்கள், இன்சூரன்ஸிலும் கேட்பார்கள். தூதரகம் ரோமில் வீயா வேன்த்தி ஸெத்தேம்ப்ரே என்ற தெருவில் இருக்கிறது. வெனிஸ் உள்ளிட்ட வட பகுதிக்கு மிலானில் உள்ள துணைத் தூதரகம்.

ஊர் விட்டு ஊர் போகும் ரயில்கள் இடைநிலையங்களில் அதிகம் நிற்காது. பெட்டியை இறக்கும் அவசரத்தில் அத்தையை உள்ளே விட்டுவிடும் வாய்ப்பு நிஜமானது. முன்பே பேசி வையுங்கள்: ரயில் கிளம்பிவிட்டால் அவர் அடுத்த நிலையத்தில் இறங்கி, இறங்கிய இடத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும், நீங்கள் அங்கே வருவீர்கள். நீங்கள் நடைமேடையில் யூனிபாரம் போட்ட யாரையாவது பிடித்து ‘மியா ஸ்வோச்செரா ஏ ரிமாஸ்தா சுல் த்ரேனோ’, மாமியார் ரயிலிலேயே இருந்துவிட்டார் என்று சொல்லி டிக்கெட்டைக் காட்டுங்கள். அந்த ரயிலில் இருக்கும் கார்டுக்குச் செய்தி போய்விடும்.

கிளம்ப இன்னும் நாள் இருக்கிறது. ஒரே நாளில் எல்லாவற்றையும் திணிக்காமல், சாப்பிட உட்காரும்போது அத்தையிடம் ஒன்று, மகனிடம் ஒன்று என்று கேட்டுக்கொண்டே வாருங்கள். கணவரையும் விட்டுவிடாதீர்கள், 112 அழைப்பை அவர் ஒருமுறை நடித்துக் காட்டட்டும், இடம் முதலில் வருகிறதா என்று நீங்கள் பாருங்கள். அத்தையின் இன்சுலினைப் பெட்டியில் போட்டு விமானத்தின் அடியில் அனுப்பிவிடாதீர்கள். உறைந்தால் பயன்படாது. டாக்டர் சீட்டோடு கைப்பையில் வையுங்கள், மொத்தத்தையும் ஒரே பையில் வைக்காமல் பாதியை உங்கள் பையில் வையுங்கள்.